மூன்றாவது ஜாடி

"வித்தாச்சா? எங்கம்மாவுக்குப் பக்கத்து இடம், ஹார்லன்! ஒன்பது வருஷமா காலியாத்தானே கிடந்தது?"

வெர்னா போட்ட சத்தத்தில், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவர்கள். அப்போதிருந்தே அவருக்கு அவளிடம் பயம்தான்.

"போன வாரம் ஓரிகன்லேர்ந்து ஒருத்தர் தபால்லயே வாங்கிட்டார். கஸ் லிண்டால்னு பேரு. தனக்குத்தானாம்."

"இன்னும் சாகாதவனுக்கு என்ன அவசரம்? நம்ம ஊர்ல லிண்டாலே கிடையாதே!"

"நீ ஊர் ஊராப் போய், பொறந்த வீட்டுப் பேரெல்லாம் சேர்த்து, கல்லறைப் பட்டியல்னு ஒரு புத்தகம் போட்டியே? அதைப் பார்த்துத்தான் எழுதினாராம்."

"என் விரலே என் கண்ணைக் குத்திடுச்சா!"

வெர்னா அவருடைய அலுவலக அறை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் மூன்று ஜாடிகளில் பியோனிப் பூக்கள். கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள் அது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்றாவது, அவள் பார்த்தே இராத டாமி மாமாவுக்கு.

எழுபத்தைந்து வருஷத்துக்கு முன், நியூயார்க்கிலிருந்து அநாதைக் குழந்தைகளை ஏற்றி வந்த ரயிலில் வந்தவர்கள் அம்மாவும் மாமாவும். ஊருக்கு ஊர் சர்ச் மேடையில் நிறுத்துவார்கள். பிடித்த பிள்ளையை விவசாயிகள் கூட்டிப்போவார்கள். ஒன்பது வயது நோரா சமையல்கட்டு வேலைக்கு ஆவாள் என்று ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. நாலு வயது டாமியை யாரும் சீண்டவில்லை. "இங்கயே இரு, அக்கா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். எப்படியோ கூட்டிப்போனவர்களின் கையை உதறிக்கொண்டு அவள் ஓடி வந்து பார்த்தபோது ரயிலும் இல்லை, தம்பியும் இல்லை.

கல்யாணமான பிறகு வருஷா வருஷம், மாமனார் மாமியாருக்கு இரண்டு ஜாடிகளோடு மூன்றாவதாக ஒன்றையும் நோரா இங்கே கொண்டுவருவாள். வைக்க இடமில்லாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோவாள். அம்மா அந்த ஜாடியைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு நின்றதை வெர்னா இன்றைக்கும் மறக்கவில்லை.

"இருபது வருஷமா தேடறேன், ஹார்லன். எத்தனை கோர்ட்டு, எத்தனை சாவுப் பதிவு! டாமி டோலன்னு ஒருத்தர் எங்கயுமே சாகலை. சரி, ஆள்தான் கிடைக்கலை, பேரையாவது ஒரு கல்லுல வெட்டி அம்மா பக்கத்துல வைக்கலாம்னு வந்தேன்."

"அந்த மேப்பிள் மரத்தடியில அருமையான இடம் இருக்கே..."

"அவ்வளவு தள்ளியா? அம்மாவுக்கு மறுபடியும் அதே ரயிலடியா?"

ஹார்லன் மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "கல்லுல வெட்ட வேண்டியதை எழுதி அனுப்பியிருக்கார். கல் வெட்டறவர்கிட்ட குடுக்கறதுக்கு வெச்சிருக்கேன், பிரிக்கலை. போன் நம்பர் இருந்தா நீயே பேசு. மனுஷன் இரக்கப்பட்டு விட்டுக்குடுத்தாலும் குடுப்பார்."

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்கறேன் பாரு!"

சரக்கென்று கவரைக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள், நடுங்கும் கையெழுத்தில்:

"வளர்த்தவர்கள் வைத்த பெயர் கல்லில் வேண்டாம். கீழே உள்ளதை மட்டும் வெட்டவும்.

நீ வரலை அக்கா. நானே வந்துட்டேன்.

– டாமி."