விறைக்கப் பத்து நிமிடம்

நான் வாயைத் திறந்ததும் பல் டொக்டர் உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் போனார்.

அவருடைய கதிரைக்கு உருளச் சில்லு இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் நடந்துதான் விலகிப் போவார்கள்.

"தம்பி, இது எத்தினை வருசமா?"

"மூண்டு நாளாத்தான் நோகுது, டொக்டர்."

"நோவைக் கேக்கேல்லை. மணத்தைக் கேக்கிறன்."

இருபத்து மூன்று வயதில், முதன்முதலாக ஒருவர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. ஆகவே இவ்வளவு காலமும் எல்லோரும் என்னோடு மிகவும் மரியாதையாக இருந்திருக்கிறார்கள்.

டொக்டர் ஞானாம்பிகை சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. அடியில் சீழ். பல்லைச் சுற்றியிருந்த முரசுச் சதை சிவந்து வீங்கிக் கிடந்தது.

"பல்லுத் தீட்டுறேல்லையோ?"

"தீட்டுறனான். இந்தப் பக்கம் தீட்டினா இரத்தம் வரும். அதாலை இந்தப் பக்கத்தை விட்டிட்டன்."

"ஊத்தை இருக்கிறதாலைதான் இரத்தம் வாறது. இன்னும் வடிவாத் தீட்ட வேண்டிய இடத்துக்கு நீர் லீவு குடுத்திருக்கிறீர்."

அந்த லீவு, நான் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். சோதனை எடுத்த வருடம் தொடங்கியது. அந்த வருடம்தான் பல்லில் கடுகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. நொந்தபோது கராம்பு எண்ணெய் பூசினேன். நோ போய்விட்டது. புள்ளி போகவில்லை. கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்தினேன், அதுவும் போய்விட்டது.

"அந்தப் புள்ளியோடை வந்திருந்தா அரை மணித்தியாலத்திலை அடைச்சு விட்டிருப்பன். இப்ப புடுங்கத்தான் வேணும்."

ஊசி போட்டார். வாய் மரத்து விறைக்கப் பத்து நிமிடம் செல்லும் என்றார்.

பத்து நிமிடத்துக்குள் ஐந்து வருட வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டு பேருக்கு ஒரு பாட்டுப் புத்தகம். தோளோடு தோள் முட்ட நின்று, ஒருவர் பிடிக்க மற்றவர் தாள் புரட்ட வேண்டும். எனக்கு மட்டும் தனிப் புத்தகம். புத்தம் புதியது. அதைத் தந்த, குழுவை நடத்தும் அருள்நேசன் அண்ணை, "உன்ரை குரலுக்கு யன்னலடிதான் நல்லம்" என்றார். அன்றிலிருந்து நான் யன்னலடியில் தனியாக நின்று பாடுகிறேன்.

பதவி உயர்வு என்று நினைத்து அந்தப் புத்தகத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டேன். பதினேழு பேர் வாழ்த்தினார்கள்.

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஆட்கள் மிதிபலகை வரை தொங்குவார்கள். என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். கம்பஸ் மாணவன் என்ற மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பஸில் கூடப் படிக்கிற லெனாட் ஒவ்வொரு விரிவுரைக்கு முன்பும் எனக்கு ஒரு பெப்பர்மின்ற் தருவான். அவனுக்கு என்னில் பாசம் என்று நினைத்தேன். அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி பெப்பர்மின்ற் வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவன் எனக்கே ஒவ்வொன்றாகத் தந்து முடித்தான்.

உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது.

கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பல்லுக்காக மட்டும் நான் வந்திருக்கவில்லை என்பது அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"இதைப் புடுங்கினா ஆக்கள் கிட்ட வந்து கதைப்பினமோ, டொக்டர்?"

"புடுங்கி, மிச்சத்தைச் சுத்தம் செய்து, நீர் ரெண்டு நேரமும் ஒழுங்காத் தீட்டினா மணம் போகும். ஆக்களைப் பற்றி நான் படிக்கேல்லை."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டிலை கூட ஒருதரும் சொல்லேல்லையே?"

"அம்மா ஒவ்வொரு நாளும் முகத்துக்கு முகம் பாத்துத்தான் கதைக்கிறவ. ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை."

பாதி உதடு விறைத்திருந்தாலும் அதை நிமிர்ந்து சொன்னேன். பதினேழு பேரும் லெனாட்டும் ஒரு பக்கம் கிடக்கட்டும். என் வாயைச் சகித்த ஒரு மனுசி இருக்கிறார்.

டொக்டர் முகக்கவசத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார். நம்பவில்லை போலும்.

அப்போது என் போன் அடித்தது.

"எடும். இன்னும் நாலு நிமிசம் கிடக்கு."

திரையில் அம்மா வந்தார். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை. அம்மாவுக்கு இன்னும் திங்கட்கிழமை இரவு. வேலையால் வந்து, குளிர்த் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். அவர் கனடாவுக்குப் போய் ஒன்பது வருடம்.

"என்னடா ஜெபா, வாய் ஒரு பக்கமாக் கோணிக் கிடக்கு? கிட்ட வா, வடிவாப் பாப்பம்."

கிட்டப் போனேன். அம்மாவும் கிட்ட வந்தார். அவருடைய கண்ணும் மூக்கும் திரை முழுவதையும் நிறைத்தன.

டொக்டர் மறுபக்கம் திரும்பி, கழுவி வைத்திருந்த பல் பிடுங்கும் குறட்டை மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

நான் போனை மூக்கோடு ஒட்டவைத்து, மெல்ல மூச்சை உள்ளே இழுத்தேன்.

அம்மாவும் மணக்கவில்லை.