கருங்கடலுக்கு மேல்

நர்ஸ் படிவத்தை அவள் முன்னால் மேசையில் வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள்.

அவள் தன் செல்போனைப் பார்த்தாள். திரையில், வரைபடத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் சின்ன விமானம். கருங்கடலுக்கு மேல் அசையாமல் நிற்பதுபோல் இருந்தது.

அதற்குள் அண்ணன் இருக்கிறான்.

டொரோண்டோவிலிருந்து தோஹாவுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு நாலரை. அப்புறம் தூத்துக்குடி. அங்கிருந்து காரில் திருநெல்வேலி. எப்படிப் பார்த்தாலும் நாளைக் காலைதான்.

விமானம் ஏறும் முன் போனில் சொல்லியிருந்தான்.

"ஏட்டி, நான் வாரதுக்குள்ள எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. அப்பாவ மெட்ராஸுக்குக் கொண்டுபோயிரலாம்."

அவள் படிப்பு, அவள் கல்யாணம், எல்லாம் அவன் சொன்னபடிதான் நடந்தது. அவன் சொல்லி எதுவும் தப்பாகப் போனதுமில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால்விரலில் தொடங்கிய புண். நேற்று பாதம் கறுத்தது. காலையில் கணுக்கால்.

இப்போது மணி மூன்று.

சர்ஜன் வெளியே வந்தார். ஒல்லியான பெண். கண்களுக்குக் கீழே தூக்கமின்மை.

"அண்ணன்கிட்டப் பேசினீங்களா?"

"பிளைட்ல இருக்கான் டாக்டர். ஆறரைக்கு மேலதான் பேச முடியும்."

"இப்பன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துரலாம். ஆறரைன்னா அதுக்கு மேல. நாளைக் காலைங்கறத நினைக்காதீங்க."

"எடுக்காம முடியாதா?"

"அது நேத்தோட போச்சும்மா."

கட்டிலில் அப்பா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். யாரையோ பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அவளைப் பார்த்து, நீங்க யாரு என்றார்.

கிடைக்காது என்று தெரிந்தே அண்ணன் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக். அப்படியே நின்றது.

மூன்று இருபது. விமானம் கடலைத் தாண்டித் துருக்கிக்குள் வந்திருந்தது. அனுப்பிய செய்தியை அழித்தாள்.

பேனா எழுதவில்லை. உதறினாள். எழுதியது.

'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். கையெழுத்து அவளுடையதுபோலவே இல்லை.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. எதிர் நாற்காலியில் ஒருவர் பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு அப்பா தள்ளுகட்டிலில் வெளியே வந்தார். வலது பக்கம் போர்வை பாதியிலேயே தணிந்து படிந்திருந்தது.

"முழங்கால் தப்பிச்சிட்டு," என்றார் சர்ஜன். "காய்ச்சலும் இறங்குது. இனி பயமில்ல."

வார்டில் அப்பா பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"தோஹா வந்துட்டேன்ட்டி. அப்பா எப்படி இருக்காவ?"

"தூங்குதாவ. காய்ச்சல் கொறஞ்சிருக்கு."

"நல்லது. கையெழுத்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ போடலல்லா?"

அவன் இன்னும் நாலரை மணி நேரம் வானத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் ஏதோ புரியாத மொழியில் அறிவிப்பு ஓடியது.

அது முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"எதுவரைக்கும் எடுத்தாங்க?" என்றான். குரல் சின்னப் பையனுடையதுபோல் இருந்தது.

அவள் போர்வைக்கு மேல் கையை வைத்து, அப்பாவின் முழங்காலைப் பற்றிக்கொண்டாள்.