அவரவர் உயரம்

நாற்காலியில் இருந்த நெட்டையனைப் பார்த்ததும் போஷ்கோவின் கை தானாக மீசைக்குப் போனது. இந்தப் பனைமரமா திரையில் அந்தக் குள்ளனை ஆட்டிவைத்தது?

நிஷ் நகர வீடியோ கேம் சண்டைப் போட்டியில் மூன்று வருடமாக போஷ்கோதான் சாம்பியன். இந்த முறை தோற்றால் மேடையிலேயே மீசையை எடுத்துவிடுவதாகக் காலையில் மைக்கில் சவால் வேறு விட்டிருந்தான்.

அப்புறம்தான் சேதி வந்தது. அடுத்த அறையில் யாரோ, விளையாட்டில் இருக்கும் வீரர்களை ஒதுக்கிவிட்டு, தானே செய்த ஒரு குள்ள வீரனை வைத்து எல்லோரையும் சாய்த்துக்கொண்டிருந்தார்களாம். விடுகிற குத்தெல்லாம் குள்ளனின் தலைக்கு மேலேயே போயிற்றாம். இறுதிச் சுற்று அவனோடுதான்.

"நடுவரே, நான் என்ன காத்தையா குத்துறது? சொந்தமா செஞ்ச ஆளையெல்லாம் தடை பண்ணுங்க!"

"மீசைக்குக் காவல் தேடுறான்டா!" கூட்டத்திலிருந்து ஒரு குரல். அரங்கமே சிரித்தது.

நடுவர் வுகாஷின் கண்ணாடியைத் துடைத்தார். "விதியில எதுவும் இல்லப்பா. நீ கேட்டா தடை பண்ணிடறேன். என்ன சொல்ற?"

போஷ்கோ திரும்பிப் பார்த்தான். நெட்டையன் இரண்டு தலையணைகளுக்கு மேல் உட்கார்ந்து, முழங்கால் மேசையில் இடிக்க, கன்ட்ரோலரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

தடை வாங்கி ஜெயித்தால் ஊர் கோழை என்னும். போஷ்கோவுக்குச் சட்டென்று ஒரு யோசனை.

"தடை வேணாம். அவங்கவங்க உயரத்துக்கு வீரனைச் செய்யட்டும். ஒரு சென்டிமீட்டர் கூடக்கூடாது, குறையக்கூடாது!"

இரண்டு மீட்டர் ராட்சசன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டே குத்தலாமே!

"எதிர்த்தரப்புக்குச் சம்மதமா?" என்றார் நடுவர்.

நெட்டையன் அம்மாவைப் பார்த்தான். நூலைக் கத்தரித்தபடியே அவள் தலையசைத்தாள்.

"இதுக்கும் அம்மாவைக் கேக்கணுமா ராசா?" போஷ்கோ வாய்விட்டுச் சிரித்தான். புது விதியில் முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டான்.

அளவு நாடாவோடு வந்த நடுவர், நெட்டையனைத் தாண்டிப் போனார்.

"வாங்க ஸ்மில்யாம்மா. அளந்துடலாம்."

அவள் ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினாள். மகன் எழுந்து நின்றால் அவன் நெஞ்சைத்தான் எட்டுவாள்.

"நூத்தி முப்பத்தெட்டு" என்று படித்த நடுவர், திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "குள்ளன் நூத்தி நாப்பத்தொண்ணு இருக்கானே! விதிப்படி இன்னும் மூணு குறைக்கணும்."

மகன் எழுந்து இடம் விட்டான். ஸ்மில்யா தலையணைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"இது மீசைக்கு ஆகுமா தம்பி?"