வயிற்றால் மூடும் கல்லா

மதியம் மூன்றரை மணிக்கு வைகுண்டராஜின் வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞானபாக்கியத்தின் ஜவுளிக்கடை முன் நின்றது. பழைய பித்தளைக் கல்லா மெஷின்களை வாங்கிப் பழுது நீக்கி, ராஜபாளையத்தில் தன் வீட்டு மாடியில் சேர்த்து வைத்திருப்பவர் அவர். இந்தக் கடையிலிருந்த மெஷினுக்காகப் பல வருடம் நடந்தார். கணவர் இறந்து, கடையும் மூடிய பிறகுதான் ஞானபாக்கியம் கொடுக்கச் சம்மதித்தார்.

"ஓடுதான்னு பாத்துட்டுத் தூக்குங்க தம்பி."

"என் கை பட்டு ஓடாத மெஷின் உண்டா, அக்கா?"

பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. இழுப்பறை வெளியே வந்தது. சற்று நேரம் நின்றுவிட்டு, தானாக உள்ளே போய் மூடிக்கொண்டது.

திறப்பதற்கு ஸ்பிரிங் உண்டு. மூடுவதற்கு ஒன்றும் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். இழுப்பறையை உருவிப் பின்னால் பார்த்தார். தூசிதான் இருந்தது. மறுபடி மாட்டி அழுத்தினார். மறுபடியும் மூடிக்கொண்டது.

"மேசை சரிவா இருக்குக்கா, அம்புட்டுதான்" என்று ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது; மேசையில் சரிவே இல்லை.

ஞானபாக்கியம் சிரித்தார். "எங்க வீட்டுக்காரவிய ரெண்டு கையிலயும் துணிய வச்சிக்கிட்டு வயித்தாலதான் தள்ளி மூடுவாவ. வயிறும் எம்புட்டுப் பெருசுங்கிய!"

வைகுண்டராஜும் சிரித்தார். டிரைவரைக் கூப்பிட்டு, மெஷினின் அடியில் கை கொடுத்தார்.

"தம்பி, இதத் தூக்கிட்டா அவியளும் ஒங்க கூட ராஜபாளையம் வந்துருவாவளா?"