போனுக்குள் ஒரு மோனிஷா

வேலை உத்தரவோடு வீட்டுக்குள் ஓடிவந்த மோனிஷாவை அம்மா துளசிமணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு கண்ணு, அந்தப் புள்ள பாலத்து மேல நிக்கிறா."

பிசிறு வெட்டவேண்டிய பனியன் குவியலின்மேல் சாத்தியிருந்த போனில் கதை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சூரியன் உள்ள வேறோர் உலகத்தில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சிறைப்பட்ட தன் அம்மாவைத் தேடிப் போகிறாள். வாசித்ததோ மோனிஷாவின் குரல். கல்லூரி விடுதியிலிருந்து அவள் அனுப்பிய குரல் பதிவுகளைப் போன் கடைப் பையனிடம் கொடுத்து, எதையும் அதே குரலில் போன் படிக்கும்படி அம்மா செய்துகொண்ட ஏற்பாடு அது.

"எங்கொரலக் கேட்டுக்கிட்டு என்னையே வாய மூடுங்கிறியா?"

"நீ எப்பக் கண்ணு இப்படிப் பேசுன? நாலு வருசமா 'ம்', 'வேலையா இருக்கேன்', 'வையும்மா'. இவளத் திரும்பச் சொல்லுன்னா திரும்பச் சொல்றா."

மோனிஷா போனை முறைத்தாள். அதே தொண்டைதான். ஆனால் போனிலிருந்தவள் கதையில் 'அம்மா' என்றபோது அப்படியொரு குழைவு. உத்தரவை அம்மாவின் மடியில் வீசினாள்.

எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மா அதைப் போனுக்கு முன்னால் பிடித்தாள். "இதையும் படி சாமி."

மோனிஷாவுக்கு அரசு வேலை கிடைத்திருப்பதை அந்தக் குரல் நிதானமாக வாசித்தது. அம்மா அழுதபடி போனை எடுத்து முத்தமிட்டாள்.

மோனிஷா தொண்டையைச் செருமிக்கொண்டு, போனிலிருந்தவளைப்போலவே மெதுவாக, "அம்மா" என்றாள்.

அம்மா போனைப் பார்த்துச் சொன்னாள்: "சொல்லு சாமி."