வேகம் குறையாத மோட்டார்

"அப்பா அரிசி போடுறாரா இல்லையாம்மா? வேகம் கொறையவே மாட்டேங்குது!"

ஜெர்மனியிலிருந்து அருணா போனில் கத்தினாள். திருவரங்குளத்தில், மாவு மில் சத்தத்தோடு மல்லுக்கட்டியபடி முனியாயி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"போடாம என்னடி? மோட்டாரு ஓடுறது ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. ஆனா ரெண்டு வாரமா சும்மா ஓடுற மாதிரியே காட்டுதே!"

போன லீவில் அருணாதான் அந்தப் பெட்டியை மில்லில் மாட்டிவிட்டுப் போனாள். மோட்டாரில் வேகம் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. அது இழுக்கிற கரண்டை மட்டும் வைத்து, வேகத்தைக் கணக்குப் போட்டுப் பெட்டி அவளுக்கு அனுப்பும். அரிசி விழுந்தால் வேகம் கொஞ்சம் இறங்க வேண்டும். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். நாளைக்கு அதற்கான வைவா, நேர்முகத் தேர்வு. அது முடிகிறவரை பிள்ளையின் மனசு கலங்கக் கூடாது என்று அப்பா ரெங்கசாமி மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அப்பாகிட்ட குடு. எப்பக் கேட்டாலும் வேலையா இருக்காருங்கிற."

"இந்தச் சத்தத்துல பேசுனா எங்கிட்டுடி கேக்கும்?"

அருணாவின் குரல் உடைந்தது. "அப்ப என் கணக்குதான் தப்பு. நாளைக்கு வைவா வேணாம்னு புரபசர்ட்ட சொல்லிரப் போறேன். எல்லாம் வீணாப் போச்சும்மா."

மோட்டார் ஓடினால் போதும் என்றல்லவா முனியாயி தினமும் காலையில் சுவிட்சைப் போட்டாள்! அரிசி விழாததைக்கூட அந்தப் பாழாய்ப்போன பெட்டி கண்டுபிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

"இருடி, வாரேன்."

வீட்டுக்குள் ஓடி, கூடத்து மூலையில் இருந்த மூட்டையைப் பிரித்தாள். ஒரு கூடை அரிசியை அள்ளி வந்து மெஷினின் வாயில் கொட்டினாள்.

போனுக்குள் ஒரே கூச்சல்.

"எறங்குதும்மா! சரியா எறங்குது! என் கணக்கு தப்பே இல்ல! இத்தனை நாளா சும்மா ஓட்டிவிட்டு என்னை ஏமாத்திருக்காரு பாரு, ஒன் வீட்டுக்காரரு! ஊருக்கு வந்து அவர வச்சுக்கிறேன்."

"வா ஆத்தா, வா" என்று மட்டும் சொல்லி முனியாயி போனை வைத்தாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மாவு கொட்டிக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளேயிருந்து நாத்தனார் அழகு பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன மதினி காரியம் பண்ணிட்டீங்க? நாளைக்கு அண்ணன் கருமாதிக்கு வந்த அரிசியாச்சே அது!"