ஆறரை மணி விளக்கு

“மூணு நாளா லைட்டு எரியல தம்பி!”

கடையின் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் அமிர்தவல்லி உள்ளே நுழைந்துவிட்டாள். தொண்டூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் செஞ்சிக்கு வந்திருக்கிறாள். கையில் கனமான கட்டைப்பை.

இளவழகன் ஷட்டரை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்கம்மா. லைட்டுல ஏதாவது கோளாறா?”

“லைட்டு நல்லாத்தான் இருக்குது. எரியலன்னு சொல்றேன். நேத்தே வந்தேன், கடை பூட்டியிருந்துச்சு. தூக்கமே இல்ல. மனசு கெடந்து அடிச்சிக்குது.”

பையை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

இளவழகன் அலங்கார விளக்குகளை வடிவமைத்து விற்பவன். அவன் பேர் சொல்லும் சரக்கு, ஜோடி விளக்கு. காகிதக் கூழில் பாறை பாறையாகச் செய்து அடுக்கி, இடுக்கு வழியே வெளிச்சம் கசியவிட்டிருப்பான். ஒன்று ராஜகிரி, இன்னொன்று கிருஷ்ணகிரி; செஞ்சிக் கோட்டையின் இரண்டு மலைகள். இரண்டுக்கும் இன்டர்நெட் இணைப்பு உண்டு. ஒன்றைத் தொட்டால், எந்த ஊரில் இருந்தாலும் மற்றது எரியும்.

“அந்தக் காலத்துல ஒரு மலையில தீ மூட்டினா, எதிர் மலையில பதிலுக்கு மூட்டுவாங்க. அதுலேர்ந்து வந்த ஐடியா சார்!” என்று வாங்குகிறவர்களிடம் அளந்துவிடுவான். அப்படி நடந்ததா என்பது அந்த மலைகளுக்கே வெளிச்சம். உண்மையில், கடை மாடியில் இருக்கும் தன் அறையில் ஒரு சாயங்காலம் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரெதிரே நின்றும் இரண்டு மலைக்கும் பேச்சுத் துணை இல்லையே என்று தோன்றியது. அவ்வளவுதான் ஐடியா.

பொங்கலுக்கு முன்னால் அமிர்தவல்லி ஒரு ஜோடி வாங்கினாள். ராஜகிரி அவள் வீட்டில். டிவிக்காகப் போட்ட நெட் இருந்ததால் இளவழகனே போய் மாட்டிக் கொடுத்தான். கிருஷ்ணகிரியை, புனேயில் வேலை பார்க்கும் மகன் தேவேந்திரனுக்குக் கூரியரில் அனுப்பினாள்.

“ஒத்தப் புள்ள. போன் பண்ண நேரமில்லன்றான். போறப்போ வர்றப்போ ஒரு தட்டு தட்டுனா போதும். நம்மள நெனைக்கிறான்னு இருந்துக்குவேன்,” என்றாள் அன்றைக்கு.

ஒரு மாதமாகியும் புனே விளக்கு இணைப்புக்கே வரவில்லை. இளவழகனின் போனில் எல்லா ஜோடியும் தெரியும். மகன் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, பாவி! இங்கே ஒரு தாய் விளக்கின் முன்னால் காத்துக்கொண்டிருப்பாளே என்று இவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் ஆறரைக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில், தன் போனிலிருந்தே அவள் விளக்கை எரியவிட்டான். மறுநாளும் செய்தான். அதற்கு மறுநாளும். தானாக எரியும்படி டைமர் வைத்திருக்கலாம். ஆனால் அது சுத்த ஏமாற்று வேலை என்று பட்டது. கையால் அமுக்கினால் பொய்யில் பாதி குறையும் என்று ஒரு நினைப்பு.

ஏழு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. இந்த மூன்று நாள்தான் ஜுரத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் மாடியில் கிடந்தான். ஏன் என்று கேட்க நாதியில்லை. போன் சார்ஜ் இறங்கி அணைந்துபோனதுகூடத் தெரியாது.

“புனேல செம மழையாம்மா. நெட்டு கட்டாயிருக்கும்,” என்றான்.

“அப்டியா?”

“அவருக்குப் போன் கீன் போட்டீங்களா?” என்று கேட்டான். ‘தெனம் தொடுறியாடா?’ என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது கதை.

“எங்க எடுக்கறான்? அத வுடு. நீ இன்னா இப்டி எளைச்சிட்ட? கண்ணு உள்ள போயிருக்குது?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, வேலை டென்ஷன். இன்னிக்கு ஆறரைக்குக் கண்டிப்பா எரியும். நான் கேரண்டி.”

“நீ கேரண்டியா?” அமிர்தவல்லி சிரித்துவிட்டாள். “இங்க இருந்தப்பவே அவன் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு ஊடு வந்து சேந்தவன் இல்ல தம்பி. புனே போயி, ஒரு நாள் தப்பாம ஆறரைக்குத் தொடுறானாக்கும்?”

இளவழகன் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். பாவம், இந்த அம்மாவுக்கு இருந்த அந்த ஒரு வெளிச்சமும் போச்சு. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன ஜுரத்தால் வந்த வினை.

அவள் கட்டைப்பைக்குள் கையை விட்டாள். முதலில் ஒரு தூக்குவாளி வந்தது. மூடியைத் திறந்ததும் மிளகு ரசம் மணத்தது. அதற்கடுத்து ஓர் அட்டைப்பெட்டி. அவன் கையால் ஒட்டிய டேப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மேலே, முகவரியில் ஆள் இல்லை என்று கூரியர்காரர்கள் அடித்த முத்திரை.

“பொங்கல் முடிஞ்ச கையோட இது திரும்பி வந்துடுச்சு. ஊடு மாத்திட்டானாம், எங்கிட்ட சொல்லல,” என்றாள் அமிர்தவல்லி. “பொட்டி பரண்மேல கெடக்க, மொத மொத லைட்டு எரிஞ்ச அன்னிக்கே அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணு நாளா உனக்குத்தான் இன்னா ஆச்சோன்னு தவிச்சுப் போயிட்டேன் தம்பி. இந்தா, இத உன் ரூம்ல மாட்டிக்க. இனிமே ஆறரைக்கு நானும் தொடுறேன். என்னிக்காவது எரியலன்னா, நீ பஸ் ஏறி வந்து பாரு.”